டர்பனில் பெடல் ஸ்டீல் கிட்டாருக்கு உதிரிப் பாகம் தேடிய கதை

டர்பனில் ஒரு கிட்டார் கடைக்குப் போய் பெடல் ஸ்டீலுக்குப் பாகம் வேண்டும் என்று கேட்டால், கிட்டார் ஒலியை மாற்றும் எஃபெக்ட்ஸ் பெடல் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் கையைக் காட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நாலு காலில் நின்றுகொண்டு, மேலே பத்துத் தந்தியும் அடியில் முழுக்கக் கம்பியும் நெம்புகோலுமாக, காலால் பெடலை மிதித்துத் தந்தியின் சுரத்தை மாற்றி வாசிக்கும் அந்தக் கருவியை இங்கே கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. காதால் கேட்டவர்கள்தான் நிறைய. இந்த ஒலி வரும் கன்ட்ரி இசைக்கு இங்கே ரசிகர்கள் உண்டு. அமெரிக்கக் கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸ் 1962-இல் தென்னாப்பிரிக்கா வந்து பாடியவர், ஆப்பிரிக்கான்ஸ் மொழியில்கூடப் பாடியவர். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை தேவாரம் முடிந்ததும் அவர் இசைத்தட்டுதான் ஏறும்.

எனக்கு வந்து சேர்ந்தது 1970களின் கடைசியில் ஷோ-பட் நிறுவனம் செய்த பெடல் ஸ்டீல். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நடன விருந்துகளுக்கு வாசித்த ஒரு பெரியவரின் வீட்டில் வெகுகாலம் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. ஷாட் ஜாக்சனும் பட்டி எம்மன்ஸும் நாஷ்வில்லில் தொடங்கிய நிறுவனம் அது. எம்மன்ஸ் பிற்பாடு பிரிந்துபோய்த் தன் பெயரிலேயே கிட்டார் செய்தார். ஷோ-பட் தயாரிப்பு நின்று பல காலம் ஆகிவிட்டதால், நிறுவனத்துக்கு எழுதிக் கேட்கும் பேச்சே இல்லை.

என்ன கோளாறு என்றால், ஏ என்று பெயருள்ள பெடலை மிதித்தால் ஐந்தாவது தந்தியும் பத்தாவது தந்தியும் பி சுரத்திலிருந்து சி ஷார்ப் சுரத்துக்கு ஏற வேண்டும். ஈ9 என்ற வழக்கமான சுருதி அமைப்பில் எல்லாருக்கும் இதுதான் முதல் பாடம். என் கிட்டாரில் பத்தாவது ஏறியது, ஐந்தாவது அசையவே இல்லை. கவிழ்த்துப் பார்த்தால் பெடலால் திரும்பும் குறுக்குத் தண்டில் இருக்கும் புல்லர், அதாவது இழுகம்பியைப் பிடித்து இழுக்கும் சின்னக் கை, இரண்டாக உடைந்திருந்தது. உடைந்த வாய் சாம்பல் நிறத்தில், நறநறவென்று, ஈரச் சர்க்கரையை உடைத்தது போல இருந்தது. துத்தநாகம் கலந்த வார்ப்பு உலோகம் அப்படித்தான் உடையும். எஃகு போல வளைந்து முன்கூட்டியே சொல்லாது. இதோடு இரண்டு இழுகம்பிகள் கோணலாகி இருந்தன, கம்பி முனையில் சுருதியைச் சரிசெய்யும் நைலான் நட்டுகள் சில காணாமல் போயிருந்தன, தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் பிக்-அப்பிலிருந்து சத்தமே இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பாகம் கிடைப்பது அவ்வளவு பெரிய சிரமமில்லை. நம்மிடம் இருப்பது எந்தப் பாகம் என்று விற்பவருக்குப் புரியவைப்பதுதான் சிரமம். ஷோ-பட்டில் காலத்துக்குக் காலம் உள் அமைப்பு மாறியிருக்கிறது. பெயரை மட்டும் எழுதிக் கேட்டால் பதிலுக்குக் கேள்விதான் வரும். அடிப்பக்கம் முழுவதையும் ஒரு படம், ஒவ்வொரு பாகத்தையும் அங்குல அளவுகோல் பக்கத்தில் வைத்து ஒரு படம், தண்டின் குறுக்களவு, புல்லரில் எத்தனை துளை. இவ்வளவும் அனுப்பிய பிறகுதான் அமெரிக்க விற்பனையாளரிடமிருந்து உருப்படியான பதில் வந்தது.

பிக்-அப்புக்கு விலை கேட்பதற்கு முன்னால் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். இந்த வகைப் பிக்-அப்புகள் பலவும் 15 முதல் 20 கிலோ ஓம் வரை காட்டும். இது ஒன்றுமே காட்டவில்லை. ஆனால் வெளி ஒயர் சேரும் இடத்தில் ஈயப்பற்று விட்டுப் போயிருந்தது. சூடு வைத்ததும் உயிர் வந்துவிட்டது. பத்துத் தந்தி பிக்-அப் சாதாரணக் கிட்டாரிலிருந்து எடுத்து மாட்டக்கூடியதும் இல்லை. ஆகவே மீட்டர் வைக்காமல் யாரும் காசை எடுக்காதீர்கள்.

இழுகம்பிக்கு அமெரிக்கா வரை போக வேண்டாம். என்னுடையது 3/32 அங்குலக் கனம், அதாவது 2.38 மில்லிமீட்டர். ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டைப் பக்கம் வெல்டிங் சாமான் கடையில் டிக் வெல்டிங்குக்கான துருப்பிடிக்காத எஃகுக் கம்பி 2.4 மில்லிமீட்டரில், ஒரு மீட்டர் நீளத்தில் கிடைக்கிறது. நேரானது, வழவழப்பானது, மலிவு. சிக்கல் மரையில்தான். நைலான் நட்டு அங்குல மரைக்குச் செய்தது. இங்கே பட்டறைகளில் இருக்கும் டை, அதாவது கம்பியில் மரை வெட்டும் கருவி, எல்லாம் மெட்ரிக். சரி என்று நட்டுகளோடு அதற்குப் பொருந்தும் டையையும் அமெரிக்காவிலிருந்து வரும் பொதியில் வைக்கச் சொன்னேன்.

புல்லரை அங்கிருந்தே வாங்கியிருக்கலாம். ஆனால் கிளேர்வுட்டில் எனக்குத் தெரிந்த ஒரு டர்னர், அதாவது கடைசல் வேலைக்காரர், இருக்கிறார். சர்க்கரை ஆலைப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிட்டாரை மேஜையில் கவிழ்த்து வைத்ததும், "என்ன தம்பி, தையல் மிஷினா கொண்டாந்திருக்கே?" என்றார். பெடலைக் கையால் அழுத்திக் காட்டினேன். தண்டு திரும்புவதையும் கம்பி நகர்வதையும் தந்தி ஏறுவதையும் பார்த்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி அழுத்தச் சொன்னார். அப்புறம் உடையாத புல்லர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டில் மயிரிழை விரிசல்.

"ஒண்ணு மட்டும் செஞ்சு என்னண்ணா பிரயோஜனம்?" என்றேன்.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். மெஷினை செட் பண்றதுக்குத்தான் நேரம். ஒண்ணு செய்யற கூலியோட கொஞ்சம் சேர்த்துக் கொடு, ஆறாப் பண்ணிடலாம்."

அலுமினியப் பட்டையில் வெட்டினார். துளையின் இடம் கொஞ்சம் தள்ளினாலும் பெடல் மிதிக்கும் தூரமும் கனமும் மாறிவிடும் என்பதால், உடைந்த துண்டுகளைச் சேர்த்துவைத்து வெர்னியரில் அளந்த பிறகுதான் துளை போட்டார். நடுவில் கரண்ட் போய், வாசலில் உட்கார்ந்து தேநீர் குடித்த நேரமே பாதி. பொதியில் வருவதைவிட இது மலிவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் வார்ப்புக்கு வார்ப்பு மாற்றினால் அதுவும் ஒரு நாள் உடையும்.

பொதிக்கு வரும் வரி பலருக்குக் குழப்பமாக இருக்கிறது. 15 சதவீத வாட், அதாவது மதிப்புக் கூட்டு வரி, வெறும் பொருள் விலைக்கு இல்லை. சுங்க மதிப்போடு 10 சதவீதம் கூட்டி, இறக்குமதித் தீர்வை இருந்தால் அதையும் கூட்டி, மொத்தத்துக்கு 15 சதவீதம். தீர்வை இல்லாத 1,000 ராண்டுப் பொருளுக்கு 165 ராண்டு. இதற்கு மேல் கூரியர்காரர்கள் தங்கள் கட்டணத்தைப் போடுவார்கள். சின்னப் பொதிக்கு அந்தக் கட்டணம்தான் உறுத்தும். விலைச்சீட்டில் இசைக்கருவி உதிரிப் பாகம் என்று தெளிவாகவும், உண்மையான விலையையும் எழுதச் சொல்லுங்கள். மொட்டையாக உலோகப் பாகம் என்றிருந்தால் விளக்கம் கேட்டு நிறுத்திவைக்க வாய்ப்புண்டு.

மாட்டுவது ரசமான வேலை. திறந்த தந்திகளை முதலில் தலைப்பக்கச் சாவியில் சுருதி சேர்க்க வேண்டும். பிறகு பெடலை மிதித்தபடியே வலது முனையில் நைலான் நட்டைத் திருகி, ஏறிய சுரத்தைச் சரிசெய்ய வேண்டும். பெடலை விட்டதும் தந்தி பழைய சுரத்துக்குத் திரும்பாவிட்டால், பெரும்பாலும் கம்பியை இடைவெளியே இல்லாமல் இறுக்கியிருப்போம். மூன்றாவது தந்தி, 0.011 அங்குலம், அடிக்கடி அறுந்தது. வலது முனையில் அந்தத் தந்தியை இழுக்கும் உலோகத் துண்டின் மேல், விரல் என்பார்கள், ஒரு பள்ளம் விழுந்திருந்தது. மெல்லிய எமரித் தாளில் தேய்த்து மெருகேற்றினேன், நின்றுவிட்டது. அந்தத் தந்திக்குச் சாதாரண எலக்ட்ரிக் கிட்டார் தந்தியே போதும், எந்தக் கடையிலும் தனியாகக் கிடைக்கும்.

பாக்கி இருப்பது, காலால் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடலின் பொட்டென்ஷியோமீட்டர், அதாவது அதற்குள் திரும்பும் மின்தடை. 500 கிலோ ஓம், ஒலியளவுக்கென்றே செய்த ஆடியோ டேப்பர் வகை. கிட்டாரில் போடும் சாதாரணமானது, எந்நேரமும் காலால் ஆட்டும் வேலைக்குத் தாங்காமல் சீக்கிரமே கரகரக்கிறது. இதற்கென்றே நீண்ட நாள் உழைக்கும் வகையை அமெரிக்காவில் விற்கிறார்கள். அடுத்த பொதியில் வரவழைக்கப் போகிறேன். டர்பன் பக்கம் யாருக்காவது நைலான் நட்டோ தந்தி செட்டோ வேண்டும் என்றால் சொல்லுங்கள், கூரியர் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம்.