செம்பிக்கு மூன்றாவது வீடு

"பொட்டக் குட்டியா? அப்ப வேணாங்க."

இதை இந்த வருடம் எத்தனை பேர் வாயால் கேட்டேன் என்று கணக்கே இல்லை. போன தை மாதம் சந்தைக்குப் பின்னால் உரச்சாக்கில் கட்டிப் போட்டிருந்த ஒன்பது நாய்க்குட்டிகளைத் தூக்கி வந்தோம். நான்கு ஆண், ஐந்து பெண். முதல் தடுப்பூசி போட்டு, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பத்தே நாளில் ஆண் குட்டிகள் நான்கும் போய்விட்டன. பெண் குட்டிகளைப் பார்க்கக்கூட யாரும் வரவில்லை. "வயசு வந்ததும் கருத்தடை எங்க செலவுலயே செஞ்சு தர்றோம், குட்டி போடாது" என்று சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டுங்க, ஆண் வந்தா சொல்லுங்க" என்பார்கள்.

டெல்டாவில் ஒரு சின்ன ஊரில், என் பெரியப்பாவின் தென்னந்தோப்பில் ஐந்து பேர் சேர்ந்து காப்பகம் நடத்துகிறோம். சங்கப் பதிவுக்கு ஏழு பேர் வேண்டும் என்றார்கள். இரண்டு சித்தப்பாக்களைச் சேர்த்துக்கொண்டோம், வேலை முடிந்தது. கொட்டகையும் பிரச்சினையில்லாமல் எழும்பிவிட்டது. வந்ததை வீடு சேர்ப்பதில்தான் அடி மேல் அடி.

முதல் அடிக்கு நானே காரணம். மாசி மாதம் ஒரு மாலை, பள்ளிக்கூடப் பையன் ஒருவன் அட்டைப் பெட்டியில் ஒரு குட்டியைக் கொண்டுவந்தான். இருட்டிவிட்டது, தனிக் கூண்டு காலியாக இல்லை. நம் குட்டிகளுக்குத்தான் ஒரு ஊசி போட்டாயிற்றே என்ற தைரியத்தில் அதையும் அவற்றோடு விட்டேன். மறுநாளே அது வாந்தி எடுக்க ஆரம்பித்தது. அடுத்த நாள் ரத்தமாக வயிற்றுப்போக்கு. பார்வோ, குட்டிகளைக் கொல்லும் தொற்றுநோய். ஒரே ஒரு ஊசி குட்டிகளை முழுதாகக் காப்பாற்றாது. மூன்று நான்கு வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகளும் போட்டு முடித்தால்தான் நம்பலாம். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. தெரிந்தும் விட்டேன். வந்த குட்டி மூன்றாம் நாள் இறந்தது. ஒரு வாரத்துக்குள் எங்களுடைய ஐந்தும் படுத்துவிட்டன. அவற்றில் மூன்று எங்கள் மடியிலேயே போயின. பிழைத்தவை செம்பியும் கருப்பியும்.

அந்த நாட்களில் பாட்டில் பாட்டிலாக பினாயில் ஊற்றிக் கழுவினோம். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு இந்த இரண்டையும் தூக்கிக்கொண்டு போனபோது ஒரு டாக்டர்தான் சொன்னார், பார்வோ கிருமியைக் கொல்ல பினாயிலை நம்பக்கூடாது என்று. முதலில் மலம், வாந்தி எல்லாவற்றையும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட வேண்டும். அதன்பிறகு வீட்டில் வெளுக்கப் பயன்படுத்தும் பிளீச் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிட வேண்டும். சிமெண்ட் தரைக்கு அது போதும். மண் தரையை எதைக் கொண்டும் சுத்தம் செய்ய முடியாது, கிருமி மாதக்கணக்கில் அதில் கிடக்கும். அதனால் அந்தப் பக்கத்து முற்றத்தில் ஊசி முடியாத குட்டிகளை இன்றுவரை நாங்கள் இறக்குவதில்லை. புதிதாக வரும் எந்தக் குட்டியும் 14 நாள் தனியே. இடமில்லை என்றால் எங்களில் ஒருவர் வீட்டுக் குளியலறை.

ஆனி மாதம் செம்பிக்குக் கருத்தடை செய்து, தையல் ஆறியதும், பக்கத்து ஊரில் ஒரு குடும்பம் வாங்கிக்கொண்டது. பிள்ளைகள் இருவரும் கொஞ்சித் தீர்த்தார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஒன்றும் கேட்காமல் கொடுத்துவிட்டேன். பத்தொன்பதாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் கேட்டில் செம்பி கட்டிக் கிடந்தாள். ஒரு போன்கூட இல்லை. நானே அழைத்துக் கேட்டபோது, "ஹவுஸ் ஓனர் சத்தம் போடறாருக்கா, நாங்க என்ன பண்றது" என்றார் அந்தத் தம்பி. வாடகை வீடு என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். அன்றிலிருந்து வாடகைக்காரர் என்றால் வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். அவரிடம் போனிலும் பேசிவிடுவேன். கடிதம் கேட்டதும் பாதிப் பேர் திரும்ப அழைப்பதில்லை. அப்படி விலகுகிறவர்கள் முன்கூட்டியே விலகுவது நாய்க்கு நல்லது.

இரண்டாவது வீடு வயல்காட்டுப் பண்ணை. சொந்த நிலம், பெரிய இடம், ஓடி ஆட வசதி. ஒரு மாதம் கழித்துச் சொல்லாமல் போய்ப் பார்த்தேன். மோட்டார் கொட்டகைத் தூணில் இரண்டடிச் சங்கிலி, கழுத்து முடியெல்லாம் உதிர்ந்து புண். ராத்திரியாவது அவிழ்த்து விடுவீர்களா என்று கேட்டேன். "காவலுக்குத்தானேம்மா வாங்கினோம், அவுத்து விட்டா ஓடிடாதா?" என்றார் பெரியவர். நாயை எப்போதும் கட்டியே போட்டு நடமாட விடாமல் வைப்பது 1960ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்று சொன்னேன். அவர் அசரவில்லை. எனக்குக் கைகொடுத்தது எங்கள் ஒப்படைப்புப் படிவம்தான். 'எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்போம், பராமரிப்பு சரியில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்வோம்' என்ற வரிக்குக் கீழே அவருடைய மகன் கையெழுத்துப் போட்டிருந்தார், ஆதார் நகலும் இணைத்திருந்தார். அதைக் காட்டியதும் மகனே வந்து சங்கிலியை அவிழ்த்தார். அன்று செம்பியை ஸ்கூட்டியில் முன்னால் உட்கார வைத்து வீடு வந்து சேரும்வரை அவள் தலை என் கைமேல்தான் இருந்தது. உங்கள் படிவத்தில் அந்த வரி இல்லையென்றால் இன்றே சேர்த்துவிடுங்கள்.

மூன்றாவதாகக் கேட்டவர்கள் சென்னையில் இருக்கும் அக்கா தங்கை இருவர். நான்காம் மாடி, சொந்த ஃபிளாட். வீடியோ காலில் பால்கனிக் கம்பிகளின் இடைவெளிவரை காட்டச் சொன்னேன், முகம் சுளிக்காமல் காட்டினார்கள். சங்கச் செயலாளர் நாய் கூடாது என்றாராம். குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்புப் பிராணிகளுக்குத் தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலை அனுப்பினேன்; அச்செடுத்துக் கொடுத்ததும் அடங்கிவிட்டார்.

ரயிலில் அனுப்புவது என்று முடிவானது. அதே வண்டியில் எனக்கு ஸ்லீப்பர், கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டில் அவளுக்கு இடம். என்னென்ன தாள் வேண்டும் என்று பார்சல் அலுவலகத்தில் இரண்டு முறை நேரில் போய்க் கேட்டேன். இரண்டு முறையும் எழுத்தர் நிமிர்ந்து பார்க்காமல், "டாக்டர் சர்டிபிகேட் எடுத்துட்டு வாங்க" என்றதோடு சரி. வண்டிக்கு மூன்று மணி நேரம் முன்னதாக, மழையில், ஆட்டோவில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினேன். சான்றிதழை வாங்கிப் பார்த்தவர், "இதுல நாய் என்ன இனம், என்ன கலர், ஆணா பொண்ணா, ஒண்ணுமே இல்லையே மேடம்" என்று திருப்பித் தள்ளினார். 'பயணத்துக்குத் தகுதியானது' என்று மட்டும்தான் டாக்டர் எழுதியிருந்தார். டாக்டரிடம் பேசுங்கள் என்று போனை நீட்டினேன், வாங்கவில்லை. விதி அவர் பக்கம்தான். அந்த விதியை முதல் முறை கேட்டபோதே சொல்லியிருக்கலாம் அல்லவா? வண்டி போன பிறகும் நடைமேடையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். செம்பி நடுங்கிக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் நானே ஒரு தாளில் எழுதிக்கொண்டு டாக்டரிடம் போனேன்: நாட்டு நாய், பெண், செம்மண் நிறம், மார்பில் வெள்ளைப் புள்ளி, தொற்றுநோய் இல்லை. முத்திரையும் வைக்கச் சொன்னேன். தேதி, பயணத்துக்கு முந்தைய நாள். சான்றிதழ் பழசாக இருந்தாலும் ஏற்கமாட்டார்கள். மூன்று நகல். அந்த வாரம் முழுக்க மூடிய கூண்டுக்குள் வைத்தே சோறு போட்டுப் பழக்கினேன். தண்ணீர்க் கிண்ணத்தைக் கம்பியால் கட்டினேன். இந்த முறை கவுண்டரில் வேறொருவர் இருந்தார். பத்து நிமிடத்தில் ரசீது கையில்.

விழுப்புரத்தில் வண்டி நின்றதும் பின்னால் ஓடினேன். கார்டு எனக்கு முன்பே கதவைத் திறந்து வைத்திருந்தார். "தண்ணி குடிச்சிட்டாம்மா, சத்தமே போடல" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தாம்பரத்தில் விடியும் முன்பே இறங்கினோம். இரண்டு பெண்களும் நடைமேடையிலேயே தரையில் உட்கார்ந்து, அவளாக வரட்டும் என்று காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் போனாள்.

மாநகராட்சி உரிமத்துக்கு ரேபிஸ் ஊசிச் சான்று கேட்டார்களாம். தேதியும் டாக்டர் கையெழுத்தும் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் உள்ள அட்டையைக் கூடவே கொடுத்திருந்ததால் சிக்கலில்லை.

கருப்பி இன்னும் தோப்பில்தான் இருக்கிறாள். முந்தாநாள் பட்டுக்கோட்டைப் பக்கமிருந்து ஒருவர் அழைத்தார். பொட்டை என்று தெரிந்துதான் கேட்கிறேன் என்றார். வாடகை வீடு, வீட்டுக்காரர் கடிதம் தயார் என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறேன்.