நாகர்கோவிலிலிருந்து டொராண்டோ: நூல் பிடித்து அளந்த தூரம்

ஜூன் மாதம் டொராண்டோவில் தம்பி வீட்டுக்கு அம்மா போவதென்று முடிவானபோது, துபாய் வழியாகத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். சுவரில் தொங்கும் உலக வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "மக்ளே, நேரே மேக்க கெடக்க ஊருக்கு எதுக்கு வடக்க சுத்திப் போணும்?" என்று கேட்டார். அந்தத் தாளை நம்பினால் அவர் கேட்டது சரிதான். அதன்மேல் அளவுகோலை வைத்தால் கோடு அரபிக்கடலையும் சகாராவையும் அட்லாண்டிக்கையும் கடந்தே டொராண்டோவைத் தொடுகிறது.

மகளின் பூகோள உருண்டையை எடுத்து, பூக்கட்டும் நூலின் ஒரு நுனியைத் திருவனந்தபுரத்திலும் மறு நுனியை டொராண்டோவிலும் வைத்து இறுக்கிப் பிடித்தேன். நூல் மேற்கே போகாமல் சிந்து, ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தான், ரஷ்யா என்று வடக்கே ஏறி, நார்வேயின் வடபகுதியைத் தாண்டி ஏறத்தாழ 70 பாகை அட்சரேகையைத் தொட்டபின், கிரீன்லாந்து வழியாகக் கனடாவுக்குள் இறங்கியது. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரண்டு ஊர்களுக்கும் இடையிலான கோணம் ஏறக்குறைய 123.7 பாகை, பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் தூரம் சுமார் 13,750 கிலோமீட்டர்.

துபாய் வழியே கணக்கிட்டபோதுதான் எனக்கே வியப்பாக இருந்தது. திருவனந்தபுரம் முதல் துபாய் வரை சுமார் 2,945, அங்கிருந்து டொராண்டோ சுமார் 11,080, ஆகமொத்தம் 14,025 கிலோமீட்டர். சுற்று என்று அம்மா குறைபட்டுக்கொண்டது வெறும் 275 கிலோமீட்டர்தான். நாகர்கோவிலிலிருந்து மதுரைக்குப் போவதைவிடச் சற்றே அதிகம், விமானத்துக்கோ இருபது நிமிடத்துக்கும் குறைவு. உருண்டையின் நேர் எதிர்ப்புறத்தில் ஓர் ஊர் இருந்தால் எந்தத் திசையில் புறப்பட்டாலும் தூரம் ஒன்றுதான். டொராண்டோ அந்த அளவுக்கு எதிரே இல்லாவிட்டாலும், தொலைவு கூடக்கூடச் சுற்றுவழியின் நட்டம் இப்படித்தான் சுருங்குகிறது.

நேரக் கணக்கு வேறு. மணிக்கு 900 கிலோமீட்டர் என்று வகுத்தால் பதினைந்தரை மணி நேரம் வருகிறது, ஆனால் அப்படி யாரும் போய்ச் சேர்வதில்லை. தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று நெரிசலில் ஊர்ந்து, மாநில எல்லையைத் தாண்டித் திருவனந்தபுரம் சேரவே இரண்டு மணி நேரம் ஆகும். (விமான நிலையம் இல்லாத மாவட்டத்துக்காரர்களுக்கு இது பழகிய வழிதான்.) அங்கே மூன்று மணி நேரம், துபாய்க்கு நான்கு, அங்கே காத்திருப்பு நான்கு, அடுத்த விமானத்தில் பதினான்கு, இறங்கியபின் குடியேற்றச் சோதனைக்கும் வீட்டுக்குப் போவதற்கும் மூன்று என்று கூட்டினால் முப்பது மணி நேரம். திரும்பும்போது மேலைக்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் துபாய் வரையிலான பறப்பில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் குறையும்.

கோடைக்காலத்தில் டொராண்டோ நம்மைவிட ஒன்பதரை மணி நேரம் பின்தங்கியிருப்பதால், வியாழன் இரவு பத்து மணிக்கு இங்கே படியிறங்கும் அம்மா வெள்ளி மாலை ஆறரைக்கெல்லாம் தம்பி வீட்டில் இருப்பார். நூலை ஒத்துக்கொண்டவர் இதை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. விமான நிலையத்துக்குச் சனிக்கிழமை வந்தால் போதும் என்று தம்பியிடம் தொலைபேசியில் சொல்லியும் விட்டார்.