எஃப் 3 விசையைத் தட்டினேன், ஒன்றும் வரவில்லை

இலங்கையின் வடக்கே மல்லாவியில் தட்டச்சு, போட்டோப் பிரதி, விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தல் என்று சின்னக் கடை ஒன்று நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வேண்டியது கடிதம். இடம்பெயர்வில் காணி உறுதி தொலைந்துவிட்டது, அனுமதிப்பத்திரத்துக்குப் பிரதி வேண்டும், பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் பிழை. எந்தக் கடிதத்துக்கு எந்த வாசகம் பொருந்தும் என்று பட்டுத் தெளிந்து, ஆறு வருடமாக லிப்ரே ஒபிஸ் என்ற இலவச எழுத்து மென்பொருளின் ஆட்டோ டெக்ஸ்டில் சேர்த்து வைத்திருந்தேன். ‘காணி’ என்று அடித்து எஃப் 3 விசையைத் தட்டினால் முழுப் பந்தியும் வந்து விழும். அப்படி 140க்கும் மேற்பட்ட பந்திகள். அவற்றை இழந்து, மூன்று முறை வவுனியா போய் வந்து, மீட்டெடுத்த கதை இது. இதே நிலையில் இருக்கிறவர்களுக்குப் பயன்படட்டும்.

பழைய வன்தட்டு கரகரவென்று சத்தம் போடத் தொடங்கியதும் கணினியை வவுனியாவில் ஒரு திருத்தகத்தில் கொடுத்தேன். புது வன்தட்டுப் போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டு நிறுவித் தருவதாகச் சொன்னார்கள். சரி என்றேன். ஆவணங்கள் எல்லாம் வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னேன். “எல்லாம் எடுத்தாயிற்று அக்கா, ஒன்றும் விடவில்லை” என்றார் அந்தத் தம்பி. திறந்து பார்த்தேன். டெஸ்க்டொப், டொக்கியுமென்ட்ஸ், படங்கள் எல்லாம் இருந்தன. மாங்குளம் சந்தியில் பஸ் மாறி, கணினியை மடியில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வீடு வந்தேன்.

மறுநாள் காலையில் வவுனிக்குளம் பக்கத்திலிருந்து ஓர் ஐயா வந்தார். காணிக் கடிதம். ‘காணி’ என்று அடித்தேன், எஃப் 3 தட்டினேன். ‘காணி’ என்ற சொல் மட்டும் திரையில் நின்றது. இன்னொரு முறை தட்டினேன். பட்டியலைத் திறந்தால் என் பந்திகளில் ஒன்றுகூட இல்லை. ஊர்ப்பெயர்களையும் கமக்காரர் அமைப்புக் கடிதங்களில் வரும் சொற்களையும் சேர்த்து வைத்த அகராதியும் வெறுமை. ஒட்டறுத்தகுளத்தின் கீழே சிவப்புக் கோடு. ஐயாவிடம் இரண்டு நாள் கழித்து வரச் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

திருத்தகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். “அது மென்பொருளுக்குள் இருப்பது அக்கா, ஆவணம் இல்லையே” என்றார். அந்தப் பதில் இன்னும் எனக்கு ஆறவில்லை. ஆறு வருடம் நான் அடித்தது என் வேலை. அது எந்தக் கோப்புறையில் கிடந்தால் என்ன? நல்ல காலம், பழைய வன்தட்டு இன்னும் அழிக்கப்படாமல் இருந்தது. நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். போனேன். கதவு பூட்டு. போயா தினம், பௌர்ணமி விடுமுறை என்பது அவருக்கும் நினைவில்லை, எனக்கும் நினைவில்லை. ஒரு நாள் வருமானமும் பஸ் காசும் போய், மூன்றாவது பயணத்தில்தான் வன்தட்டு கைக்கு வந்தது. அதை வெளியிலிருந்து கணினியில் இணைக்க யூஎஸ்பி உறை ஒன்றும் வாங்கிக்கொண்டேன்.

நடந்தது என்னவென்றால், ஒரு மென்பொருள் தன் பொருட்களை இரண்டாகப் பிரித்து வைக்கிறது. தன்னோடு வந்த ஐகன்கள், மாதிரிகள், அகராதிகள் ஒரு பொது இடத்தில். உபுண்டுவில் பெரும்பாலும் யூஎஸ்ஆர் கோப்புறைக்குள். அவை போனால் கவலையில்லை, திரும்ப நிறுவினால் வந்துவிடும். நாம் சேர்த்தவையும் நாம் மாற்றிய அமைப்புகளும் பயனரின் வீட்டுக் கோப்புறைக்குள் போகும். விண்டோஸில் அது அப் டேட்டா. சாதாரணமாகப் பார்த்தால் அந்தக் கோப்புறை தெரியாது, மறைத்து வைக்கப்பட்டிருக்கும். அந்தத் தம்பி கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் பிரதி எடுத்திருக்கிறார்.

பழைய வன்தட்டில் யூசர்ஸ், என் பெயர், அப் டேட்டா, ரோமிங், லிப்ரே ஒபிஸ் என்று இறங்கிப் போனேன். உள்ளே ‘4’ என்று ஒரு கோப்புறை. என்னிடம் இருந்தது 7ஆம் பதிப்பு. இது ஏதோ பழைய மிச்சம் என்று நினைத்து வெளியே வந்துவிட்டேன். அரை மணி நேரம் வேறெங்கெல்லாமோ தேடினேன். பதிப்பு எவ்வளவு ஏறினாலும் அந்தக் கோப்புறையின் பெயர் 4தான் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் யூசர், அதற்குள் ஆட்டோ டெக்ஸ்ட், அதற்குள் மை டெக்ஸ்ட்ஸ் என்ற பெயரில் ஒரேயொரு கோப்பு. என் 140 பந்திகளும் அந்த ஒன்றுக்குள். பக்கத்தில் வேர்ட்புக் கோப்புறையில் என் அகராதி.

லினக்ஸில் அமைப்புகள் வீட்டுக் கோப்புறைக்குள் டொட் கொன்ஃபிக் என்ற இடத்தில் இருக்கும் என்று வாசித்திருந்தேன். பெயர் புள்ளியில் தொடங்குவதால் மறைந்திருக்கும். கன்ட்ரோலும் எச்சும் சேர்த்து அழுத்தினால் தெரியும். அங்கே லிப்ரே ஒபிஸ் கோப்புறையே இல்லை. நானே உருவாக்கி, 4, யூசர் என்று அடுக்கி, கோப்புகளைப் போட்டேன். திறந்தேன். ‘காணி’, எஃப் 3. ஒன்றுமில்லை. கணினியை நிறுத்தித் திரும்பவும் போட்டுப் பார்த்தேன், எழுத்துகளில் பெரியது சின்னது பிழையோ என்று பெயர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். மத்தியானம் வரை போய்விட்டது.

இந்த இடத்தில்தான் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன்: மென்பொருளிடமே கேட்டேன். டூல்ஸ், ஒப்ஷன்ஸ், லிப்ரே ஒபிஸ், பாத்ஸ். ஆட்டோ டெக்ஸ்ட் எங்கே, அகராதி எங்கே, மாதிரிகள் எங்கே என்று வரிசையாக விலாசம் காட்டுகிறது. என் விலாசம் டொட் வார், அப் என்று தொடங்கியது. திருத்தகத்தில் லிப்ரே ஒபிஸை பிளாட்பாக் முறையில், அதாவது ஒவ்வொரு மென்பொருளையும் தனிப் பொதியாகப் பிரித்து வைக்கும் முறையில், நிறுவியிருந்தார்கள். லினக்ஸ் மென்பொருட்கள் பலவும் எக்ஸ்டிஜி கொன்ஃபிக் ஹோம் என்ற மாறியில் (கணினி ஒரு பெயரின் கீழ் வைத்திருக்கும் குறிப்பு) ஒரு விலாசம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கும். அது வெறுமையாக இருந்தால்தான் டொட் கொன்ஃபிக்குக்குப் போகும். பிளாட்பாக் அந்த மாறியில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி விலாசத்தை எழுதிவிடுகிறது. நான் காலை முழுக்க ஆளில்லாத வீட்டில் கடிதம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

சரியான இடத்தில் போட்டதும் பந்திகள் வந்தன. ஆனால் அவசரத்தில் யூசர் கோப்புறையை அப்படியே முழுதாகத் தூக்கிப் போட்டுவிட்டேன். அதற்குள் ரெஜிஸ்ட்ரி மொடிஃபிகேஷன்ஸ் என்றொரு கோப்பு இருக்கிறது. அமைப்புகள் எல்லாம் அதில்தான். காப்புப் பிரதிகளை முன்பு நான் டி டிரைவுக்கு மாற்றி வைத்திருந்தேன். அந்த விண்டோஸ் விலாசமும் அதற்குள் ஏறி வந்துவிட்டது. உபுண்டுவில் டி டிரைவ் ஏது? ஆகவே விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறுகிறவர்கள் அந்த ஒரு கோப்பை மட்டும் விட்டுவிடுங்கள். ஆட்டோ டெக்ஸ்ட், வேர்ட்புக், டெம்ப்ளேட் ஆகிய மூன்று கோப்புறைகளும் எனக்குப் போதுமாக இருந்தன. பிரதி எடுக்கும்போது லிப்ரே ஒபிஸை முழுதாக மூடிவிடுங்கள்.

பாமினி என்ற தமிழ் எழுத்துருவில் இருந்த பழைய கடிதங்களுக்கு, அந்த எழுத்துருவை டொட் லோக்கல், ஷெயர், ஃபொன்ட்ஸ் கோப்புறையில் போட்டதும் வேலை முடிந்தது. இணைய உலாவியான ஃபயர்பொக்ஸில் அட்ரஸ் இடத்தில் ‘அபௌட்’, முக்காற்புள்ளி, ‘சப்போர்ட்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் அது தன் கோப்புறையைத் தானே சொல்லிவிடும்.

இப்போது கணினியைத் திருத்தக் கொடுப்பதற்கு முன்னால் பாத்ஸ் பக்கத்தைப் படம் எடுத்து அச்சடித்து, அந்தத் தாளையும் கையில் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் கடை பூட்டும்போது அந்த மூன்று கோப்புறைகளும் பென் டிரைவுக்குப் போகின்றன.

வவுனிக்குளம் ஐயா சொன்னபடி வந்தார். ‘காணி’, எஃப் 3. பந்தி வந்து விழுந்தது. பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் மட்டும் கேட்டு அடித்து, அச்சுப் பிரதியை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை வாசித்துவிட்டு, “பிள்ளை, இன்னொரு பிரதியும் தா, வீட்டில் வைக்க வேண்டும்” என்றார்.