ஒரு ஓபோல் காசுக்காக ஒரு பேச்சு

பண்டைய கிரேக்க நகரமான ஏதென்ஸின் ஜனநாயகம் என்றதும் எல்லோரும் அதன் தலைவர் பெரிக்ளீஸ் போரில் இறந்தவர்களுக்காக ஆற்றிய இரங்கல் உரையைத்தான் சொல்வார்கள். அது மகத்தான உரைதான். ஆனால் என் மனம் ஒட்டிக்கொண்டது வேறொரு சிறு பேச்சில்.

ஜனநாயகத்தைக் கலைத்துவிட்டு ஏதென்ஸை ஆண்ட முப்பது பேரின், அதாவது முப்பதின்மரின், கொடுங்கோலாட்சி பொ.ஆ.மு. 403இல் வீழ்ந்த பிறகு நடந்தது இது. கால் ஊனமுற்ற ஓர் ஏழைக் கைவினைஞர். அரசு அவருக்குத் தினம் ஒரு ஓபோல் உதவித்தொகை கொடுத்தது. ஆறு ஓபோல் சேர்ந்தால்தான் திராக்மா என்ற ஒரு வெள்ளிக்காசு. அவ்வளவு சிறிய தொகை. அதையும் நிறுத்தச் சொல்லி ஒருவன் புகார் செய்தான்: இவன் குதிரை ஏறுகிறான், இவனுக்கா ஊனம்?

குடவோலை போலச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்த 500 பேர் மன்றத்தின் முன் அந்த மனிதர் நின்று பேசினார். சொந்தமாகக் கோவேறு கழுதை வாங்க வசதியிருந்தால் அதில் போயிருப்பேன், இல்லாததால்தான் குதிரையை இரவல் வாங்குகிறேன் என்றார். மற்றவர்கள் ஒரு தடி ஊன்றும்போது நான் இரண்டு ஊன்றுகிறேனே, அதையும் நான் திடமாக இருப்பதற்குச் சான்று என்பீர்களா என்று கேட்டார். கெஞ்சல் இல்லை, கூச்சமும் இல்லை. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அந்த மன்றத்தில் இடமில்லை என்பதை நான் மறக்கவில்லை. இந்த உரையை எழுதிக்கொடுத்த லிசியாஸே ஏதென்ஸில் குடியுரிமை இல்லாதவர். அவருடைய அண்ணன் பொலெமார்க்கஸை முப்பதின்மர் நஞ்சு குடிக்க வைத்துக் கொன்றிருந்தார்கள்.