ஒண்ணுக்கு வேகம் குறைந்தால்: நுவரெலியா கிளினிக் குறிப்புகள்

ஜூலை 3
மழைக்குளிர் இறங்கிவிட்டது. இந்த மாதத்தில் ஒண்ணுக்கு அடியோடு நின்றுபோய் வரும் வயோதிபரிடம் முதலில் கேட்க வேண்டியது: "தடிமனுக்கு என்ன மாத்திரை போட்டீங்க?" கடையில் பிரிட்டோன் (Piriton) என்று கேட்டு வாங்கும் தடிமன் மாத்திரையான குளோர்பெனிரமின், சிறுநீர்ப்பைத் தசையைத் தளர்த்திவிடும். மூக்கடைப்பு மருந்தில் சூடோஎபெட்ரின் இருந்தால் பையின் கழுத்தும் இறுகும். பைக்குக் கீழே உள்ள புரஸ்டேட் சுரப்பி பெருத்து, ஏற்கெனவே அரைகுறையாகப் போய்க்கொண்டிருந்தவருக்கு அதுவே போதும். அடிவயிறு உருண்டு நிற்கும்; தட்டினால் மந்தமான சத்தம். சிறுநீரை வடிக்க டியூப் போட்டதும் எத்தனை மில்லி இறங்கியது என்று அப்போதே எழுதிவிட வேண்டும். ஒரு லீட்டர் தாண்டினால் தேக்கம் பழையதாக இருக்கலாம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டதா என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையை அன்றைக்கே பார்க்க வேண்டும்.

ஜூலை 5
"ஒழுங்கா போகுதா?" என்றால் "போகுது" என்றுதான் பதில் வரும். உடைத்துக் கேட்க வேண்டும்: தொடங்க எவ்வளவு நேரம் நிக்கணும், முக்கணுமா, விட்டு விட்டு வருதா, முடிஞ்ச பிறகும் மிச்சம் இருக்கிற மாதிரி இருக்கா, ராத்திரி எத்தனை தடவை லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) வெளியே போறீங்க. இந்தத் தொல்லைகளை அளக்கும் சர்வதேசப் புள்ளிமுறையில் (IPSS) 7 கேள்வி, மொத்தம் 35 புள்ளி. 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. தொல்லை எவ்வளவு என்று இது சொல்லும். அடைப்பு உண்டா என்று சொல்லாது.

ஜூலை 9
வேகமானி நாள்: சிறுநீர் போகும் வேகத்தை வரைபடமாகக் காட்டும் இயந்திரம் இது. பிளேன் டீயோ தண்ணியோ குடித்து, முட்டும்வரை காத்திருக்க வேண்டும். 150 மில்லிக்குக் குறைவாகப் போனால் அந்த வரைபடத்தை நம்பக் கூடாது. மறுபடி எடுக்க வேண்டும். அளவு மீறி அடக்கினாலும் தசை சோர்ந்து வேகம் குறைவாகக் காட்டும். பக்கத்தில் ஆள் நின்றால் வெட்கத்தில் வராது. கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது நல்லது. கோட்டில் ஊசி போல ஒரு முனை எழும்பினால், தாரை புனலில் இடம் மாறி விழுந்திருக்கும். இயந்திரம் அதையே உச்ச வேகம் என்று அச்சடிக்கும், கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும். உச்சம் விநாடிக்கு 10 மில்லிக்குக் கீழே, கோடு தட்டையாக நீண்டு போனால் அடைப்பைச் சந்தேகிக்கலாம்.

போய் முடிந்த கையோடு, பையில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்க ஸ்கேன். பையின் நீளம், அகலம், உயரம் பெருக்கி 0.52ஆல் பெருக்க வேண்டும்: 8, 7, 6 செ.மீ. என்றால் மிச்சம் ஏறத்தாழ 175 மில்லி. அரை மணி நேரம் வரிசையில் உட்காரவைத்து எடுத்தால், அதற்குள் இறங்கிய புதுச் சிறுநீரும் கணக்கில் சேர்ந்துவிடும்.

ஜூலை 10
டியூப் போட்ட கையோடும், கிருமித்தொற்று இருக்கும்போதும் பிஎஸ்ஏ (புரஸ்டேட்டுக்கான இரத்தப் பரிசோதனை) எடுக்க வேண்டாம், பொய்யாக ஏறும். சுரப்பியைச் சுருக்கும் பினாஸ்டரைட் மாத்திரையை ஆறு மாதத்துக்கு மேல் போட்டவருக்கு வந்த எண்ணை இரட்டிப்பாக்கிப் படிக்க வேண்டும்.

ஜூலை 16
"புரஸ்டேட் சுரப்பி 60 கிராம், வெட்டணும்" என்று ரிப்போர்ட்டோடு வருகிறார்கள். 60 கிராமோடு தாராளமாகப் போகிறவர் உண்டு. 25 கிராமில் அடைபட்டவரும் உண்டு. சுரப்பியின் நடுமடல் சிறுநீர்ப்பைக்குள் 10 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தியிருந்தால் அடைப்புக்கு வாய்ப்பு அதிகம்.

நீரிழிவு நாள்பட்டவரிடம் அவசரப்படவே கூடாது. தசை சோர்ந்தாலும் வேகம் இதே மாதிரிதான் குறையும். பிரித்துக் காட்டுவது அழுத்தப் பரிசோதனை: உச்ச வேகத்தின்போது சிறுநீர்ப்பைத் தசை கொடுக்கும் அழுத்தத்திலிருந்து (செ.மீ. நீரளவில்) வேகத்தின் இரு மடங்கைக் கழிக்க வேண்டும். வேகம் 6, அழுத்தம் 70 என்றால் 58 வரும். 40க்கு மேல், அடைப்புத்தான். அதே 6க்கு அழுத்தம் 25 என்றால் 13 வரும். 20க்குக் கீழே, அடைப்பில்லை. இந்த இரண்டாமவருக்குச் சுரப்பியைச் சுரண்டினாலும் பை தானாகக் காலியாகும் என்று உறுதி சொல்ல முடியாது. அதை அவரிடமும் வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.