ரப்பர் விதைத் தொங்கல்

மலேசியாவில் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்து, ஒரே பள்ளியில் படித்த நமக்கு ரப்பர் விதை என்றாலே விளையாட்டுதான். வெயில் ஏறியதும் காய் படாரென்று வெடிக்கும், ஓடிப்போய்ப் பொறுக்குவோம். சிமெண்டில் தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் சூடு வைப்போம். ஐந்தாம் ஆண்டில் ஓவியம் சொல்லித்தந்த சார் அந்த விதைகளை வகுப்புக்கே கொண்டுவரச் சொன்னார். "மரத்துல பால் பிடிக்கிற மங்கு மாட்டுற பழைய கம்பி கிடைச்சா அதையும் எடுத்துட்டு வாங்க."

கம்பியை நிமிர்த்தி, இரு முனையிலும் விதை கட்டி, நடுவில் நூல் போட்டோம். ஒரு பக்கம் சாய்ந்தது. நூலை நகர்த்தச் சொன்னார். நகர்த்தி நகர்த்தி ஓர் இடத்தில் நேராக நின்றது. சரி, முடிந்தது என்று பார்த்தால், அதை அப்படியே இன்னொரு கம்பியின் முனையில் கட்டி, மறுமுனையில் காய்ந்து ரப்பரான ஒட்டுப்பால் துண்டு ஒன்றை மாட்டச் சொன்னார். மறுபடி நூல், மறுபடி நகர்த்தல். அடியிலிருந்து மேலே இப்படியே ஏழு கம்பி. உத்தரத்தில் ஏற்றிய அன்று, கதவைத் திறந்தாலே அது மெல்லச் சுற்றியது.

"இது என்ன சார், பறவையா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லடா. ஆடுது பாரு."

அந்தப் பதில் எனக்குப் புரிய வெகுகாலம் ஆனது. 2015இல் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டரின் சிற்பங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். உள்ளே போனதும் நின்றுவிட்டேன். கம்பியும் தகடுமாக நம் தொங்கல்!

கால்டர் 1919இல் இயந்திரப் பொறியியல் படித்து முடித்தவர். 1926இல் பாரிஸில் கம்பி, தக்கை, துணி கொண்டு ஒரு குட்டி சர்க்கஸ் செய்யத் தொடங்கி, தரையில் உட்கார்ந்து தானே நடத்திக் காட்டினார். 1930இல் ஓவியர் மோன்ட்ரியனின் கூடத்துக்குப் போனபோது, சுவரில் இருந்த வண்ணச் சதுரங்களைப் பார்த்து, இவை அசைந்தால் நன்றாக இருக்குமே என்றாராம். மோன்ட்ரியன் ஒத்துக்கொள்ளவில்லை. கால்டர் தானே அசைய வைத்தார். அந்தச் சிற்பங்களுக்கு 1931இல் 'மொபைல்', அதாவது அசைவது, என்று பெயர் சூட்டியவர் கலைஞர் மார்செல் டூஷாம்ப். உருவம் எதையும் காட்டாத கலை என்றால் முறைப்பான, படித்தவர்களுக்கான சமாச்சாரம் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தம். அதன் ஒரு வேர் பொம்மை சர்க்கஸில் அல்லவா இருக்கிறது!

ஒரு குறை மட்டும் உண்டு. அங்கே தொடக்கூடாது. என் விரல் துடித்தது. அந்த வகையில் எனக்குச் சிற்பி இசாமு நொகுச்சியை இன்னும் பிடிக்கும். பிள்ளைகள் ஏறிச் சறுக்க ஒரு மலையையே சிற்பமாக 1933இல் நியூயார்க்குக்கு வரைந்து கொடுத்தார். நகராட்சி மறுத்துவிட்டது. ஆனாலும் அவர் விடவில்லை. 1976இல் அட்லாண்டாவில் அவர் வடித்த விளையாட்டுத் திடல் திறக்கப்பட்டது. ஏறலாம், தொங்கலாம், விழலாம். நம் சாரும் தொடவிட்டவர்தான். அறுந்தால், "மறுபடி கட்டு" என்பார், அவ்வளவுதான்.

போன வருடம் ஊருக்கு வந்திருந்தேன். பள்ளியைச் சுற்றி இப்போது எண்ணெய் எடுக்கும் செம்பனை. பழைய வகுப்புக் கட்டடமும் இல்லை. அதை இடித்தபோது அந்தத் தொங்கலை யாராவது இறக்கி வைத்தீர்களா? படமாவது இருந்தால் நம் பழைய மாணவர் சங்கத்துக்கு அனுப்புங்கள். அடியிலிருந்து இரண்டாவது கம்பி நான் கட்டியது.