குட்டிகளுக்குப் பால் பவுடர்: ரத்தத்தில் யூரியா பார்த்து வரும் அனுபவம்

காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டில், அதாவது வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில், ஆடு மூன்று குட்டி போட்டால் ஒன்றுக்குப் புட்டிப்பால்தான். காம்பு இரண்டுதானே. இந்த ஈத்தில் அப்படி ஒதுங்கிய தலச்சேரிக் கலப்புக் குட்டிகளில் பாதிக்கு முழுக்கப் பால் புரதப் பவுடர், மீதிக்குச் சோயா கலந்த பவுடர் என்று கொடுத்து வருகிறேன். இரண்டு மூட்டையிலும் புரத சதவீதம் ஒன்றுதான், விலை மட்டும் வேறு. அந்த விலை வித்தியாசம் குட்டியின் ரத்தத்தில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

சீம்பால் மட்டும் எல்லாவற்றுக்கும் தாயிடமே. ஆட்டில் நோய் எதிர்ப்புப் புரதம் கருவில் இறங்காது. பிறந்த முதல் நாளுக்குள் குடல் வழியாகப் போனால்தான் உண்டு. முதல் சோதனையில் மொத்தப் புரதம் நன்றாக இருந்தது, அடுத்ததில் இரண்டு பக்கமும் இறங்கிவிட்டது. "பவுடர் ஒத்துக்கலைங்களா?" என்று டாக்டரிடம் கேட்டேன். "அது சீம்பால்ல வந்த குளோபுலின், அந்த நோய் எதிர்ப்புப் புரதம், கரையறதுங்க. நீங்க யூரியாவைப் பாருங்க" என்றார்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. ரத்தத்தில் உள்ள இன்னொரு புரதமான அல்புமின் மெதுவாகத்தான் ஏறி இறங்கும். எங்கள் குட்டிகளில் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நிற்கிறது. யூரியா புரதம் உடையும்போது வரும் கழிவு. அது அப்படியில்லை, தீனிக்கு உடனே அசையும். பால்குடிக் குட்டிக்கு அசைபோடும் வயிறு இன்னும் வேலை செய்யாது, பால் நேராக நான்காம் வயிற்றுக்குப் போகும். அங்கே பாலின் முக்கியப் புரதமான கேசின் தயிராக உறைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்கு இறங்கும். பாலின் இன்னொரு புரதமான மோர்ப்புரதம் உறையாது, ஆனாலும் நன்றாகச் செரிக்கும். சோயாவில், புரதத்தைச் செரிக்க வைக்கும் டிரிப்சின் என்ற நொதியைத் தடுக்கும் பொருள் உண்டு, சரியாகப் பதப்படுத்தாவிட்டால் அது மிஞ்சும். புரதத்தின் கட்டுமானப் பொருளான அமினோ அமிலங்களில் மெத்தியோனினும் அதில் குறைவு. ஒரு அமினோ அமிலம் போதாவிட்டால் மற்றவையும் சதையாகாது. கல்லீரல் அவற்றை உடைத்து, நைட்ரஜனை யூரியாவாக்கி ரத்தத்தில் விடும். அதாவது காசு கொடுத்து வாங்கிய புரதம் சிறுநீரில் போகிறது.

எங்களிடம் சோயாப் பக்கம் யூரியா தொடர்ந்து கூடுதல். சர்க்கரையில் பெரிய வித்தியாசம் இல்லை. இது சில குட்டிகளில் பார்த்ததுதான், ஆனாலும் அடுத்த ஈத்துக்குச் சோயா மூட்டை வாங்கப் போவதில்லை.

ஒரு குட்டிக்குக் கழிச்சல் வந்தபோது யூரியா, சிறுநீரகம் வெளியேற்றும் இன்னொரு கழிவான கிரியாட்டினின், மொத்தப் புரதம் மூன்றும் சேர்ந்து ஏறின. அது நீர் வற்றியதன் அடையாளம், பவுடர் கணக்கில் சேர்க்கக் கூடாது. உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுத்துத் தேற்றினோம், பாவம், ரொம்ப வாடிவிட்டது.

செய்து பார்க்க நினைப்பவர்கள் காலைப் புட்டிக்கு முன்னாலேயே டாக்டரை வைத்துக் கழுத்து நரம்பில் ரத்தம் எடுங்கள். குடித்த பிறகு எடுத்தால் சர்க்கரையும் யூரியாவும் மாறிவிடும்.

இப்போது குட்டிகள் அகத்தியையும் வேலிக் கிளுவையையும் கடிக்க ஆரம்பித்துவிட்டன. அசைபோடும் வயிறு திறந்தால் அங்கே உண்டாகும் அம்மோனியாவும் யூரியாவாகும், பிறகு எது பவுடரால் வந்தது என்று பிரிக்க முடியாது. அதனால் இந்த வாரத்தோடு ரத்தம் எடுப்பதை நிறுத்தி, எடை மட்டும் போட்டு வரப் போகிறேன்.